பல்லைப் பிடித்துப் பார்த்தல்: அழிந்துபோன ஊனுண்ணிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். தொல்லுயிரியலில் அது செல்லாது. இங்கே எந்த விலங்கு வந்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பார்கள். பல நேரங்களில் பார்ப்பதற்குப் பல்லைத் தவிர வேறொன்றும் இருக்காது. வாள்பல் பூனை, கரடிநாய், ஹயனோடான் என்று பேச்சு வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு விடை நீளும்; சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

புதைபடிவங்களில் பற்களே ஏன் அதிகம் கிடைக்கின்றன?

உடலிலேயே கடினமான பொருள் பல்லின் மேலுறையான எனாமல். அதன் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம்தான். எலும்பு அப்படியல்ல. அதில் புரதம் நிறைய உண்டு, நுண்துளைகளும் உண்டு. கழுதைப்புலி கடிக்கும், கிருமி அரிக்கும், ஆற்றுநீர் உருட்டி உடைக்கும். இத்தனையையும் தாண்டி மிஞ்சுவது பெரும்பாலும் பல்லும், அது பதிந்திருந்த தாடைத் துண்டும்தான். இன்னொரு வசதி: முளைத்து முடிந்த பல்லின் எனாமல் அதற்குமேல் வளராது, தேயத்தான் செய்யும். ஆகவே பல்லின் வடிவம் விலங்கின் வாழ்நாளில் எலும்பைப்போல மாறுவதில்லை. இனம் பிரிப்பவருக்கு இது பெரிய உதவி.

ஒரே ஒரு பல்லை வைத்து விலங்கைச் சொல்லிவிட முடியுமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம்பிக்கைதான் இதன் அடிப்படை. சில நேரம் அது அழகாகப் பலிக்கும். 1804இல் பாரிஸ் மோன்மார்த்ர் குன்றின் ஜிப்சம் பாறையிலிருந்து கிடைத்த ஒரு சிறிய எலும்புக்கூட்டின் தாடையையும் பல்லையும் பார்த்த பிரெஞ்சு விலங்கியலாளர் ஜார்ஜ் குவியே, இது பைம்மாவினம் (குட்டியைப் பையில் வளர்க்கும் கூட்டம்), அமெரிக்க ஓபோசத்தின் உறவு என்றார். பாறையை மேலும் செதுக்கினால் இடுப்பில் பைம்மாவினங்களுக்கே உரிய இரண்டு எலும்புகள் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, சாட்சிகளை வைத்துக்கொண்டு செதுக்கினார். எலும்புகள் இருந்தன.

அதே குவியே 1824இல் தட்டையான, நீண்ட, விளிம்பில் அரம்போன்ற கோரைப்பற்களைப் பார்த்து, அவை ஒரு கரடியுடையவை என்று பெயர் சூட்டினார். உண்மையில் அவை வாள்பல் பூனையின் பற்கள். சில ஆண்டுகள் கழித்து யோஹான் காவ்ப் என்பவர்தான் அதைத் திருத்தி மகைரோடஸ் என்ற பேரினத்தை அமைத்தார். பிரேசிலின் லாகோவா சான்டா குகைகளில் தோண்டிய பீட்டர் வில்ஹெல்ம் லுண்டும் இதேபோல் சறுக்கியவர். தனக்குக் கிடைத்த சில பற்களைக் கழுதைப்புலி என்று 1839இல் எழுதினார். மேலும் எலும்புகள் கிடைத்த பிறகு, 1842இல் அதே விலங்குக்கு ஸ்மைலோடான் என்று பெயரிட்டார். இன்று சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த வாள்பல் பூனை முதலில் கழுதைப்புலியாகத்தான் நூலேறியது.

தேய்ந்த பல்லென்றால் ஆபத்து இன்னும் அதிகம். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கிடைத்த ஒரு தேய்ந்த கடைவாய்ப்பல்லை வைத்து 1922இல் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பார்ன் 'வட அமெரிக்காவின் முதல் மனிதக்குரங்கு' என்று அறிவித்தார். 1927க்குள் அது பெக்கரி எனும் பன்றி போன்ற விலங்கின் பல் என்று தெரிந்து, அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. பன்றிப்பல்லும் மனிதப்பல்லும் தேய்ந்த பிறகு அவ்வளவு ஒத்திருக்கும். ஆஸ்பார்னைக் கேலி செய்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே என் விடை: முழுமையான, தேயாத, சரியான இடத்துப் பல் என்றால் பேரினம்வரை சொல்லலாம். தனிக் கோரைப்பல் என்றால் வாயை மூடிக்கொள்வது நல்லது.

'சரியான இடத்துப் பல்' என்றால் எது?

ஊனுண்ணிகளைப் பொறுத்தவரை அது கத்தரிப்பல். அறிவியல் நூல்களில் கார்னாசியல் என்று இருக்கும். உங்கள் பூனை எலும்பில் ஒட்டிய இறைச்சியைத் தலையைச் சாய்த்து வாயின் ஓரத்தால் கடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேதான் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கத்தரியின் இரண்டு அலகுகள்போல உரசிக் கடந்து வெட்டுகின்றன.

நாய், பூனை, கரடி, கீரி, கழுதைப்புலி, கடல்நாய் எல்லாம் அடங்கிய வரிசைக்குக் கார்னிவோரா என்று பெயர். இந்த வரிசையில் கத்தரியாக வேலை செய்யும் சோடி எப்போதும் ஒன்றுதான்: மேல்தாடையின் நான்காவது முன்கடைவாய்ப்பல், கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல். கரடியில் அது மழுங்கியிருக்கலாம், கடல்நாயில் அடையாளமே தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் இந்த வரிசையில் எங்கே கத்தரி இருந்தாலும் அது இந்தச் சோடியில்தான் இருக்கும்.

இது ஏன் முக்கியம்? பல்லின் வடிவத்தை உணவு மாற்றிவிடும். இறைச்சி தின்னத் தொடங்கிய எந்தக் குலத்திலும் பல் கத்தியாகக் கூர்மைப்படும். ஆனால் *எந்தப்* பல் கத்தியானது என்பதை மூதாதை முடிவு செய்துவிட்டது. வடிவம் தொழிலைச் சொல்லும். இடம் குலத்தைச் சொல்லும். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்று மனத்தில் நிற்குமானால் இது நிற்கட்டும். கீழே வரும் பல குழப்பங்கள் இதை மறந்ததால் வந்தவை.

பாண்டா மூங்கில்தானே தின்கிறது? அதை ஏன் கார்னிவோராவில் வைத்திருக்கிறார்கள்?

கார்னிவோரா என்பது குலப்பெயர், உணவுப்பழக்கத்தின் பெயர் அல்ல. பாண்டா கரடிக் குடும்பத்தில் பிறந்தது, அவ்வளவுதான். அழிந்துபோன குகைக்கரடியும் பெரும்பாலும் தாவரமே தின்றது என்று அதன் பற்களும் எலும்பு வேதியியலும் காட்டுகின்றன. மறுபக்கம், இறைச்சி தின்ற பல விலங்குகள் இந்த வரிசையைச் சேர்ந்தவையே அல்ல. குழப்பம் வராமலிருக்க, இந்தப் பக்கத்தில் 'ஊனுண்ணி' என்றால் இறைச்சி தின்னும் பழக்கம், 'கார்னிவோரா' என்றால் குலம்.

கிரியோடான்டுகள் என்று பழைய நூல்களில் வருகிறதே, இப்போது அந்தப் பெயர் ஏன் காணோம்?

எட்வர்ட் டிரிங்கர் கோப் 1875இல் வைத்த பெயர் அது. டைனோசர்கள் போன பிறகு, கார்னிவோரா தலையெடுப்பதற்கு முன், ஊனுண்ணி இடத்தை நிரப்பிய பழைய விலங்குகளை ஒரே மூட்டையில் கட்ட அந்தப் பெயர் பயன்பட்டது. மூட்டைக்குள் முக்கியமாக இரண்டு கூட்டங்கள்: ஆக்சியினிட்கள், ஹயனோடான்ட்கள்.

இவற்றின் கத்தரி எங்கே என்று பாருங்கள். ஆக்சியினிட்களில் முதன்மைக் கத்தரி மேல் முதல் கடைவாய்ப்பல்லும் கீழ் இரண்டாம் கடைவாய்ப்பல்லும். ஹயனோடான்ட்களில் அது இன்னும் ஓரிடம் பின்னே, மேல் இரண்டும் கீழ் மூன்றும். அதற்கு முன்னால் உள்ள சோடிகளும் சேர்ந்து வெட்டும். கார்னிவோராவோடும் பொருந்தவில்லை, ஒன்றோடொன்றும் பொருந்தவில்லை. மூன்று குலங்கள் தனித்தனியே கத்தரி செய்துகொண்டன என்று பார்த்தால் கணக்கு நேராகிறது. அதனால் இப்போது பலரும் கிரியோடான்டா என்ற மூட்டையை அவிழ்த்து, இரண்டையும் தனித்தனி வரிசைகளாக எழுதுகிறார்கள். இரண்டும் உறவினரா இல்லையா என்ற விவாதம் ஓயவில்லை.

கத்தரி பின்னால் போனதற்கு ஒரு விலையும் உண்டு. நாயின் வாயில் கத்தரிப்பல்லுக்குப் பின்னே இன்னும் சில கடைவாய்ப்பற்கள் மீதமிருக்கின்றன. அவை அரைக்கும் வேலைக்கு. அந்த மீதத்தை வைத்துத்தான் கரடி பழந்தின்னியாகவும், நரி அகப்பட்டதைத் தின்பதாகவும் மாற முடிந்தது. ஹயனோடான்ட் தன் கடைசிப் பல்வரை கத்தியாக்கிவிட்டது. உணவு மாறினால் மாற்றிக்கொள்ள வாயில் மிச்சமில்லை. அவை தோற்றுப்போனதற்கு இதுவே காரணம் என்று ஒரு பழைய கருத்து உண்டு. கேட்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் அவை ஐந்து கோடி ஆண்டுகள் தாக்குப்பிடித்த கூட்டம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அந்த நேர்த்தி கொஞ்சம் குறைகிறது.

ஹயனோடான் பேரினத்தில் வேறொரு வினோதம் உண்டு. மேல் கத்தரிப்பல் தேயத் தேய, வாழ்நாள் முழுவதும் அது தாடைக்குள் மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தது. அதனால் அலகுகளுக்கு இடையே இடைவெளி விழவில்லை. தானே இறுகிக்கொள்ளும் கத்தரி. 1969இலேயே ஜேம்ஸ் மெல்லெட் இதை எழுதிவிட்டார்.

திமிங்கிலம் ஓநாய் போன்ற விலங்கிலிருந்து வந்தது என்று படித்தேனே?

பழைய நூலில் படித்திருப்பீர்கள். மெசோனிக்கிட் என்று குளம்பு போன்ற விரல்நுனிகள் கொண்ட ஊனுண்ணிகள் இருந்தன. அவற்றின் கீழ்க் கடைவாய்ப்பற்கள் முக்கோண முனைகளோடு வரிசையாக நிற்கும். ஆதித் திமிங்கிலங்களின் பற்களும் ஏறத்தாழ அப்படியே. 1966இல் லீ வான் வேலன் இந்த ஒற்றுமையைக் காட்டி, மெசோனிக்கிட்களே திமிங்கிலங்களின் மூதாதையர் என்றார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் இதுவே பாடம்.

மரபணுக்காரர்கள் இடையில் வந்து, திமிங்கிலத்தின் நெருங்கிய உறவு நீர்யானை என்றார்கள். பல்லை நம்பியவர்கள் ஏற்கவில்லை. 2001இல் பாகிஸ்தானில் கிடைத்த ஆதித் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பு தீர்ப்பைச் சொன்னது. மான், மாடு, பன்றி ஆகிய இரட்டைக் குளம்பிகளுக்கு மட்டுமே உரிய, இருபுறமும் கப்பிபோல் குழிந்த கணுக்கால் எலும்பு அவற்றுக்கும் இருந்தது. மெசோனிக்கிட்களுக்கு அது இல்லை. பற்கள் ஒத்திருந்தது தொழில் ஒத்திருந்ததால்தான்.

ஆன்ட்ரூசார்க்கஸ் உலகின் மிகப்பெரிய நில ஊனுண்ணியா?

இந்த விலங்கைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அடிப்படையில் ஒரே ஒரு மண்டையோடு. 1923இல் உள்மங்கோலியாவில் கான் சுவென் பாவ் கண்டெடுத்தது. நீளம் 83 சென்டிமீட்டர். களத்தில் இருந்தவர்களுக்கு அது முதலில் என்டலோடான்ட் என்ற பன்றி போன்ற விலங்காகத் தோன்றியது. நியூயார்க்கில் பல்லைப் பார்த்து மெசோனிக்கிட் என்றார்கள். 1924இல் ஆஸ்பார்ன் (நெப்ராஸ்கா பல்லின் அதே ஆஸ்பார்ன்) பெயர் சூட்டி, ராட்சத ஓநாய் அளவுக்கு உடலைக் கற்பனை செய்தார். இன்று அதை இரட்டைக் குளம்பிகளோடு, என்டலோடான்ட்களின் பக்கத்தில் வைக்கிறார்கள். சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது. உடல் கிடைக்காதவரை 'மிகப்பெரிய' என்ற சொல்லைத் தவிர்ப்பதே சரி.

வாள்பல் உள்ள விலங்குகள் எல்லாம் பூனைக் குடும்பமா?

இல்லை. பாலூட்டிகளில் மட்டும் வாள்பல் பலமுறை தனித்தனியே தோன்றியிருக்கிறது.

ஸ்மைலோடான், ஹோமோதேரியம், மகைரோடஸ் மூன்றும் உண்மையான பூனைகள். நிம்ராவிட்கள் பார்ப்பதற்குப் பூனைகளே. ஆனால் காதெலும்புக் குமிழின் உள்ளமைப்பு பூனைகளுடையதுபோல் இல்லை, ஆகவே தனிக் குடும்பம். பழைய கிரியோடான்ட் மூட்டைக்குள்ளும் மகைராய்டிஸ் போன்ற வாள்பல் விலங்குகள் இருந்தன. எல்லாவற்றிலும் வியப்பானது தென் அமெரிக்காவின் தைலகோஸ்மைலஸ். அது பைம்மாவினங்களின் உறவு; நாய், பூனையைவிடக் கங்காருவுக்குத்தான் நெருக்கம்.

தைலகோஸ்மைலஸின் வாள்பல்லைக் கூர்ந்து பார்த்தால் வேறுபாடு தெரியும். ஸ்மைலோடானின் கோரைப்பல் வளர்ந்து முடிந்தபின் வேர் மூடிக்கொள்ளும். தைலகோஸ்மைலஸுக்கு வேர் மூடவே மூடாது. எலியின் முன்பல்போல வாழ்நாள் முழுதும் வளரும். மேல்தாடையில் வெட்டுப்பற்களே காணப்படவில்லை. குத்திக் கிழிக்கும் வேட்டைக்காரன் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். கிறிஸ்டின் ஜானிஸ் குழுவினர் 2020இல் அதை மறுத்து, பல்லின் குறுக்குவெட்டும் மண்டையோட்டின் வலுவும் இறந்த விலங்கின் வயிற்றைத் திறந்து உள்ளுறுப்பைத் தின்பதற்கே பொருந்துகின்றன என்றார்கள். எனக்கு இந்த வாதம் பிடித்திருக்கிறது. 'வாள்பல்' என்று பெயர் வைத்துவிட்டோம் என்பதற்காக எல்லோரும் வாள் வீசியிருக்க வேண்டுமா என்ன?

பல்லைப் பார்த்தே ஊனுண்ணியா இல்லையா என்று தெரியாத விலங்கு உண்டா?

ஆஸ்திரேலியாவின் தைலகோலியோ. 'பைம்மாச் சிங்கம்' என்று பெயர். உறவு, தாவரம் தின்னும் வொம்பாட்டோடும் கோவாலாவோடும். கோரைப்பல் பெயரளவுக்குத்தான், குத்தும் வேலையை முன்வெட்டுப்பற்கள் செய்தன. மூன்றாம் முன்கடைவாய்ப்பல் நீண்ட கத்தியாகிவிட்டது. 1859இல் ரிச்சர்ட் ஓவன் இதைக் கொடிய வேட்டை விலங்கு என்றார். வில்லியம் ஃபிளவர் போன்றோர் உறவினரெல்லாம் இலைதழை தின்னும்போது இது மட்டும் எப்படி என்று எதிர்த்தார்கள். ஓவன்தான் வென்றார். இங்கே குலம் ஏமாற்றியது, பல்லின் தொழில் உண்மை சொன்னது.

கரடிநாய் கரடியா, நாயா?

இரண்டும் இல்லை. ஆம்ஃபிசியோனிட் என்ற தனிக் குடும்பம். பல் நாயை ஒத்தது, உடல் கரடியை ஒத்தது.

பல்லிலிருந்து உடல் எடையைக் கணக்கிடுவது எவ்வளவு நம்பகம்?

இன்றைய விலங்குகளில் கத்தரிப்பல்லின் நீளத்துக்கும் எடைக்கும் உள்ள உறவை அளந்து, சூத்திரமாக்கி, அழிந்த விலங்கின் பல்லை அதில் போடுவார்கள். வாழும் உறவினர் உள்ள விலங்குக்கு இது ஓரளவு சரி. இல்லாததற்கு என்ன ஆகும் என்பதற்குக் கென்யாவின் சிம்பாகுப்வா சரியான உதாரணம். நைரோபி அருங்காட்சியக இழுப்பறையில் பல்லாண்டுகள் கிடந்த தாடை அது. மேத்யூ போர்த்ஸும் நான்சி ஸ்டீவன்ஸும் 2019இல் விவரித்தார்கள். சுமார் 2.2 கோடி ஆண்டு பழைய ஹயனோடான்ட். ஒரு சூத்திரம் 280 கிலோ என்றது; இன்னொன்று 1,300 கிலோவைத் தாண்டியது. செய்திகளில் எந்த எண் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஹயனோடான்ட்களுக்கு உடலுக்கு மிஞ்சிய தலை. போதாக்குறைக்குப் பக்கத்துக்கு ஒரு சோடிக்குப் பதில் பல சோடிக் கத்தரிகள். பூனையின் சூத்திரம் அவற்றுக்கு எப்படிப் பொருந்தும்?

என்ன தின்றது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வடிவம், அந்தக் குலம் எதற்காகப் படைக்கப்பட்டதுபோல் இருக்கிறது என்பதைச் சொல்லும். அந்த ஒரு விலங்கு கடைசி நாட்களில் என்ன தின்றது என்பதை எனாமல் மேலுள்ள நுண்கீறல்கள் சொல்லும். எலும்பை நொறுக்கினால் குழிகள், சதையை வெட்டினால் நீளக் கீறல்கள். எனாமலின் உள்ளமைப்பையும் பார்ப்பார்கள்: எலும்பு நொறுக்கிகளில் அதன் இழைகள் வளைந்து நெளிந்து பின்னியிருக்கும், விரிசல் ஓடாமலிருக்க.

இரண்டு சான்றுகள் மோதுவதும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸின் லா பிரியா தார்க்குழிகளில் கிடைத்த ஊனுண்ணிகளில் உடைந்த பற்கள் இன்றையவற்றைவிட அதிகம் என்று பிளேர் வான் வால்கன்பர்க்கும் ஃபிரிட்ஸ் ஹெர்டலும் 1993இல் காட்டினார்கள். இரை குறைந்து எலும்புவரை தின்றிருக்க வேண்டும் என்று தோன்றியது. 2012இல் லாரிசா டிசான்டிஸ் குழுவினர் அங்கிருந்த ஸ்மைலோடான், அமெரிக்கச் சிங்கம் ஆகியவற்றின் நுண்கீறல்களைப் பார்த்தபோது எலும்பு நொறுக்கிய தடயம் தெரியவில்லை. பெரிய இரையோடு மல்லுக்கட்டும்போதும் பல் உடையும் அல்லவா?

எலும்பு நொறுக்கிகளிலும் 'இடம்' வேலை செய்கிறது. கழுதைப்புலி கத்தரிப்பல்லுக்கு முன்னுள்ள மூன்றாம் முன்கடைவாய்ப்பல்லால் எலும்பை உடைக்கும். வட அமெரிக்காவின் அழிந்த நாயான போரோஃபேகஸ் அந்த மூன்றாம் பல்லுக்கு அடுத்துள்ள நான்காம் முன்கடைவாய்ப்பல்லைப் பயன்படுத்தியது. கலிஃபோர்னியாவில் கிடைத்த அதன் கல்லான சாணத்தில் எலும்புத் துண்டுகளே இருந்தன. 2018இல் அது வெளியானது.

வாள்பல் பூனைக்குக் குட்டியிலேயே வாள் இருந்ததா?

பாற்பல்லிலும் சிறு வாள் உண்டு. அது விழுவதற்குள் நிலையான கோரைப்பல் பக்கத்திலேயே முளைத்துவிடும். சிலகாலம் இரண்டும் சேர்ந்து நிற்கும். ஸ்மைலோடானின் நிலைப்பல் மாதத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் வளர்ந்தது என்று 2015இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. இன்றைய சிங்கத்தைப்போல இரு மடங்கு. அப்படியும் முழுதாக வளர்ந்து முடிய ஏறத்தாழ மூன்று வயதாகும்.

டிஎன்ஏ வந்த பிறகு பல் எதற்கு?

டிஎன்ஏ சில லட்சம் ஆண்டுகளில் சிதைந்துவிடும். மிகக் குளிர்ந்த இடங்களில் இன்னும் கொஞ்சம் நீடிக்கும். ஐந்து கோடி ஆண்டு ஹயனோடான்ட்டுக்கு அது உதவாது. எட்டும் இடத்தில் அது பல்லைத் திருத்துகிறது என்பது உண்மைதான். அழிந்துபோன பெரும் ஓநாய் (dire wolf) பல்லிலும் எலும்பிலும் சாம்பல் ஓநாயின் பெரிய பதிப்பாகவே தெரிந்தது; நாய், ஓநாய்களின் கேனிஸ் பேரினத்திலேயே வைத்திருந்தார்கள். 2021இல் வெளியான மரபணு ஆய்வு, இரண்டும் 50 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்தவை, கலப்பும் இல்லை என்று காட்டியது. ஜான் மெரியம் 1918இல் வைத்து எல்லோரும் மறந்திருந்த ஈனோசியன் என்ற பேரினப் பெயரைத் தூசு தட்டி எடுத்தார்கள்.

எனக்கே ஒரு பல் கிடைத்தால் என்ன செய்வது?

எடுப்பதற்கு முன் கிடந்த நிலையிலேயே, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். இடத்தைத் துல்லியமாகக் குறியுங்கள்; எந்தப் படிவிலிருந்து வந்தது என்று தெரியாத பல்லால் ஆய்வாளருக்குப் பாதிப் பயன்தான். உங்கள் நாட்டின் சட்டம் தொட அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ சொல்லுங்கள். பளபளப்பாக்க வார்னிஷ் பூச வேண்டாம், நுண்கீறல்கள் போய்விடும். ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவவும் வேண்டாம். அந்த மண்ணில் குண்டூசித் தலையளவு எலிப்பல் ஒன்று இருந்தால், உங்கள் ஊனுண்ணி வாழ்ந்த காலத்தை அதுதான் சொல்லப்போகிறது.